ஜுஹுவில் அலை நீலமாக மின்னுகிறது: ஞாயிற்றுக்கிழமை திஸ்ரியா வாங்கலாமா?

சயான்_மருமகள்
நேற்று இரவு பத்தரைக்கு மேல் ஜுஹு போயிருந்தோம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டிப் பிள்ளைகள் ஒரே நச்சரிப்பு. போய்ப் பார்த்தால் உண்மைதான். அலை உடையும் இடத்தில் நீலக் கோடு ஓடுகிறது. ஈர மணலில் காலை அழுத்தினால் சுற்றிலும் பொறி பறக்கிறது. சின்னவன் தண்ணீரை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டு "நான் ஜீபூம்பா" என்று ஆடினான்.

பிரச்சினை வீட்டுக்கு வந்த பிறகுதான். மாமியாருக்கு ஊர் பாம்பன் பக்கம். வீடியோவைப் பார்த்ததும், "இது பூங்கோரை (கடலில் பாசி மண்டுவதற்கு அவர் ஊர்ப் பெயர்). மீன் சாகும். இந்த வாரம் கடல் சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் குடும்பம் சாப்பிட வருகிறது. திஸ்ரியா சுக்கா செய்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். (மும்பைக்குப் புதியவர்களுக்கு: திஸ்ரியா என்றால் நம் ஊர் மட்டி.) கோலிவாடா சந்தையில் மீன் விற்கும் மௌஷியைக் கேட்டால் "காஹி ஹோத் நாஹி" (ஒன்றும் ஆகாது) என்று சிரிக்கிறார். யார் பேச்சைக் கேட்பது? முகத்தில் தேய்த்துக்கொண்ட பையனுக்கு ஏதாவது ஆகுமா?

மலாட்_மணி
இன்றைக்கும் தெரியுமா? எத்தனை மணிக்குப் போகலாம்? பார்க்கிங் எப்படி?

வெர்சோவா_மாணவன்
அக்கா, முதலில் பையன் விஷயம். மின்னுவது அனேகமாக நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. பெரிதாக வளர்ந்தது ஒரு மில்லிமீட்டர் வரைகூட இருக்கும். டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் நொய் ஜவ்வரிசி மிதப்பதுபோலத் தெரியும். அலையோ காலோ மோதும்போது அதன் உடலுக்குள் ஒரு வேதிவினை நடந்து கண நேரம் ஒளி வருகிறது. தன்னைத் தின்ன வரும் சின்னப் பிராணிகளை மிரட்டவோ, அவற்றைத் தின்னும் பெரியவற்றுக்குக் காட்டிக்கொடுக்கவோதான் இந்த வெளிச்சம் என்கிறார்கள். திருடன் வந்தால் ஊரைக் கூட்டுவது மாதிரி.

மனிதரைக் கொல்லும் நஞ்சு எதையும் இது தயாரிப்பதில்லை. ஆனால் அதன் உடலுக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும். கூட்டமாகச் செத்தால் அது தண்ணீரில் கலக்கும், தோலும் கண்ணும் எரியலாம். பையனை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டியிருந்தால் கவலை வேண்டாம். அந்தக் கரையில் நாக்டிலூகாவைவிடச் சாக்கடைக் கிருமிக்குத்தான் நான் பயப்படுவேன்.

மாமியார் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. தீவுகளைச் சுற்றியிருந்த பவளப் பாறைகளும் தப்பவில்லை. பாசி மண்டி, மடிந்து, அழுகும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடுகிறது. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. அதற்கு முந்தைய மாதம்தான் சென்னையில் திருவான்மியூர் பக்கம் கடல் நீலமாக மின்னியது. ஊரே செல்பி எடுக்கப் போனது நினைவிருக்கும்.

மட்டி வாங்குவது பற்றிச் சாயங்காலம் எழுதுகிறேன். அது வேறு கதை. ஆய்வகத்தில் கூப்பிடுகிறார்கள்.

குளச்சல்_முலுண்ட்
தம்பி எழுதுவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். 1997 செப்டம்பரில் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி தின்றவர்களில் ஏழு பேர் இறந்துபோனார்கள், ஐந்நூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எங்கள் ஊரிலிருந்து விழிஞ்ஞம் அதிக தூரமில்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. பாறையில் முங்கிச் சிப்பி எடுப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அந்த வருடம் சாக்கு சாக்காக எடுத்து வந்ததை வாங்க ஆளில்லாமல் கடலிலேயே திரும்பக் கொட்டினார்கள். அப்பா பிறகு ரொம்ப நாள் சிப்பி வாங்கவில்லை. கடைசியில் ஆசை விடவில்லை, அது வேறு.

எனக்கு இன்றைக்கும் உறுத்துவது இதுதான்: அந்த வருடம் கடல் மின்னியதாக வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மாட்டுங்கா_பெரியவர்
அதற்கு முன்பே தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 1981இல் கல்பாக்கம் பக்கத்தில் வாயலூரில் மட்டி சாப்பிட்ட மூன்று பேர் இறந்தார்கள், எண்பத்தைந்து பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் அப்போது அந்தப் பக்கம் வேலையில் இருந்தேன். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பேச்சு. மட்டியைச் சரியாக வேகவைக்கவில்லை என்று பெண்களைத் திட்டியவர்களும் உண்டு. வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது என்று பல வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். திட்டியவர்கள் யாரும் போய் மன்னிப்புக் கேட்டிருக்கமாட்டார்கள்.

செம்பூர்_சிஸ்டர்
பெரியவர் சொல்வது சரி. சாக்ஸிடாக்சின் என்று பெயர். கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், புளியோ எலுமிச்சையோ சேர்த்தாலும் போகாது. ருசியிலும் வாசனையிலும் எதுவும் தெரியாது. நரம்பு செய்தி கடத்தச் சோடியம் உள்ளே போகும் வாசல் ஒன்று உண்டு. இது அந்த வாசலை அடைத்துவிடும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு விரல்நுனி, அப்புறம் நடை தள்ளாடும். முற்றினால் மூச்சுத் தசை நின்றுவிடும். முறிவு மருந்து கிடையாது. வென்டிலேட்டர் வைத்து உடம்பு விஷத்தை வெளியேற்றும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் சிகிச்சை. முதல் நாளைக் கடந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

எனவே சிப்பி, மட்டி சாப்பிட்டு உதடு மரத்தால் "கேஸ் டிரபிள்" என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாங்கள் கேட்டால்கூடப் பலர் "வீட்டுச் சாப்பாடுதான்" என்று நிறுத்திக்கொள்வார்கள்.

மலாட்_மணி
பார்க்கிங் பற்றி யாரும் சொல்லவில்லை.

வெர்சோவா_மாணவன்
இப்போது மட்டிக்கு வருகிறேன். மட்டி, சிப்பி, கால்வா (ஆளி) எல்லாம் கடல்நீரை வடிகட்டித் தின்பவை. ஒரு சிப்பி நாள் முழுவதும் லிட்டர் கணக்கில் தண்ணீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், நுண்பாசி மட்டும் உள்ளே தங்கும். அந்தப் பாசியில் அலெக்ஸாண்ட்ரியம் போன்ற நச்சு வகை கலந்திருந்தால் நஞ்சு சதையில் சேர்ந்துகொண்டே போகும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, ஜம்மென்று இருக்கும். தின்பவனுக்குத்தான் ஆபத்து. பாசி கடலிலிருந்து போன பிறகும் சிப்பிக்குள் நஞ்சு வாரக்கணக்கில் தங்கும், சில வகைகளில் மாதக்கணக்கில்.

துடுப்பு வைத்த மீனில் இது வேறு மாதிரி. நஞ்சு பெரும்பாலும் குடலிலும் ஈரலிலும்தான் சேரும், சதையில் குறைவு. சுர்மை, பாப்லெட், ராவஸ் எல்லாம் குடலை எடுத்துச் சுத்தம் செய்துதானே சமைக்கிறோம். முழுசாகத் தின்கிற சின்ன மீன்களைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெப்பமண்டலப் பவளப் பாறைகளில் வாழும் பெரிய மீன்களில் சிகுவாடெரா என்று ஒன்று வரும். அதைத் தயாரிப்பது வேறொரு பாசி. இந்த இழையில் அதை இழுக்கவில்லை.

குளச்சல் அண்ணன் சொன்னதுதான் இதில் முக்கியமான இடம். நிறத்தையும் நஞ்சையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மின்னுகிற கடலில் மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லாமல் இருக்கலாம். நச்சுப் பாசியோ, லிட்டருக்குச் சில ஆயிரம் செல் இருந்தாலே சிப்பியை நஞ்சாக்கிவிடும். தண்ணீர் நிறமே மாறாது. கரையில் நின்று பார்த்தால் அது வழக்கமான மும்பைக் கடல்தான்.

சந்தேகப்பேர்வழி
எல்லாம் சரி. "உலகமெங்கும் நச்சுப் பாசி பரவுகிறது, கடல் சாகிறது" என்று வருடா வருடம் தலைப்புப் போடுகிறார்களே, அது எவ்வளவு உண்மை? 2021இல் யுனெஸ்கோ சார்ந்த ஆய்வாளர்கள் 1985 முதல் 2018 வரை பதிவான ஒன்பதாயிரத்து ஐந்நூறு சம்பவங்களை அலசினார்கள். உலகம் முழுக்க ஒரே சீராகக் கூடுகிறது என்று சொல்ல முடியவில்லை. சில இடத்தில் ஏற்றம், சில இடத்தில் இறக்கம். கண்காணிப்பு கூடியிருக்கிறது, கடல் பண்ணைகள் பெருகியிருக்கின்றன, அதனால் கணக்கில் ஏறுவதும் கூடியிருக்கிறது என்றார்கள். முன்பு மீனவன் மட்டும் பார்த்தான், இப்போது ஐபோன் பார்க்கிறது. ஜுஹுவில் 2016 நவம்பரில் மின்னியபோதும் இதே பேச்சுத்தான்.

தாராவி_90அடி
வந்துட்டாருய்யா! அண்ணே, மாஹிம் கழிமுகத்துப் பக்கம் ஒரு வாரம் வந்து தங்கிப் பாருங்கள், எது கூடியிருக்கிறது என்று மூக்கே சொல்லும். எங்கள் தாராவி ஒரு காலத்தில் கோலிகளின் மீன்பிடி ஊர். இன்றும் தாராவி கோலிவாடா இருக்கிறது, பிடிக்கத்தான் மீன் இல்லை. மித்தி ஆறு விஹார், பவாய் பக்கமிருந்து கிளம்பி நகரத்துக் கழிவை எல்லாம் சுமந்து வந்து மாஹிமில் கடலில் இறங்குகிறது. அத்தனையும் நைட்ரஜன், பாஸ்பரஸ். வயலுக்கு யூரியா போட்டால் பயிர் வளரும், கடலுக்குப் போட்டால் பாசி வளரும். இதற்கு எதற்கு யுனெஸ்கோ?

சந்தேகப்பேர்வழி
சாக்கடை நாறுகிறது என்பதற்கும் நச்சுப் பாசி கூடுகிறது என்பதற்கும் நடுவே ஓர் ஆதாரம் வேண்டும் தம்பி. நீங்கள் நேராகத் தாண்டிக் குதிக்கிறீர்கள்.

வெர்சோவா_மாணவன்
சண்டை வேண்டாம், இரண்டு பக்கமும் சரக்கு இருக்கிறது. 2023இல் நேச்சர் இதழில் ஒரு செயற்கைக்கோள் ஆய்வு வந்தது. 2003 முதல் 2020 வரை உலகக் கடலோரங்களில் பாசிப்பெருக்கத்தின் பரப்பு 13.2 சதவீதமும், அது வரும் தடவைகள் 59.2 சதவீதமும் கூடியதாகக் கணக்கிட்டார்கள். சந்தேகம் அண்ணன் சொன்ன 2021 ஆய்வு எண்ணியது பாதிப்பை: செத்த மீன், மூடிய பண்ணை, நோய்ப்பட்ட ஆள். 2023 ஆய்வு எண்ணியது நிறத்தை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் அளந்த பொருளே வேறு. எல்லாப் பெருக்கமும் நஞ்சு கிடையாது. பெரும்பாலானவை மீனுக்குச் சாப்பாடு.

தாராவி அண்ணன் தாண்டிய இடத்தை நான் நிரப்பிப் பார்க்கிறேன். கடலில் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்த பாசி டயாட்டம். அதற்குக் கண்ணாடி ஓடு உண்டு, ஓடு கட்டச் சிலிக்கா வேண்டும். சிலிக்கா பாறையும் மண்ணும் கரைந்து ஆற்றோடு வருவது. ஆற்றில் அணை கட்டினால் அதில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும். சாக்கடை கொண்டுவருவது நைட்ரஜனும் பாஸ்பரஸும், சிலிக்கா சொற்பம். டயாட்டத்துக்கு ஓடு கட்டச் சாமான் இல்லாதபோது ஓடில்லாத வகைகள் மீதிச் சோற்றைத் தின்று பெருகும். நச்சுப் பாசியில் பல அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இதுதான் சாக்கடைக்கும் நஞ்சுக்கும் நடுவே சொல்லப்படும் கண்ணி. ஆனால் டயாட்டத்திலும் ஒரு கறுப்பு ஆடு உண்டு. சூடோ-நிட்ஸியா என்று பெயர். அதன் டோமோயிக் அமிலம் 1987இல் கனடாவில் சிப்பி தின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களை நோயாளியாக்கியது. சிலருக்கு நினைவே திரும்பவில்லை. எனவே டயாட்டம் எல்லாம் சாது என்றும் எழுதிவிட முடியாது.

இதில் கடல் சூடாவதும் சேர்கிறது. அரபிக்கடலில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று அடித்து மேல்நீர் கனத்து இறங்கும், கீழிருக்கும் சத்து மேலே வரும், டயாட்டம் செழிக்கும். 2000க்குப் பிறகு நடுக்கடலில் அந்த இடத்தைப் பச்சை நாக்டிலூகா பிடித்துக்கொண்டது. அதன் வயிற்றுக்குள் ஒரு பச்சைப் பாசி குடியிருந்து சமைத்துப் போடுகிறது, இதுவும் வேட்டையாடுகிறது. இரண்டு சம்பளம். ஆக்சிஜன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆக்சிஜன் குறைவதுதான் காரணம் என்று 2014இல் ஒரு விளக்கம் வந்தது. இமயமலைப் பனி குறைந்து குளிர்காற்றின் வலு போனதும் காரணம் என்று 2020இல் அதே ஆய்வாளர்கள் சேர்த்துச் சொன்னார்கள். இமயத்துப் பனிக்கும் அரபிக்கடல் மீனுக்கும் முடிச்சு! முதலில் படித்தபோது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் போடுவதாகத்தான் நினைத்தேன்.

கப்பல்காரன்
நெருல்லிருந்து எழுதுகிறேன், இப்போது லீவில் இருக்கிறேன். பச்சை, நீலம் எல்லாம் விடுங்கள், சிவப்பைப் பார்த்தவன் நான். 2008 கடைசியில் அமீரகத்தின் புஜைரா நங்கூரப் பகுதியில் நின்றோம். ஜூனியர் இன்ஜினியராக எனக்கு அது முதல் கப்பல். தண்ணீர் நீர்த்த டீ டிக்காஷன் நிறம், நாற்றம் வேறு. கடல்நீர் உள்ளே வரும் ஸ்ட்ரெய்னரை, அதாவது வடிகட்டியை, திறந்தால் வழவழவென்று சளி மாதிரி அப்பிக்கிடக்கிறது. ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவை கழுவினேன். கப்பலில் குடிநீர் காய்ச்சும் மெஷினை நிறுத்திவிட்டு மிச்சமிருந்த தண்ணீரை அளந்து குடித்தோம்.

கரையில் இன்னும் மோசம். அந்தப் பக்கம் நாடுகளுக்குக் குடிநீரே கடலைக் காய்ச்சியும் வடிகட்டியும்தான். காக்லோடினியம் என்ற பாசி எட்டு மாதம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையில் ஆட்டம் போட்டது. குடிநீர் ஆலைகள் சில வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. மும்பைக்கும் மனோரியில் கடல்நீர்க் குடிநீர் ஆலை என்று மாநகராட்சி திட்டம் வைத்திருக்கிறதே, சென்னைக்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள். மீன் சாப்பிடாத சைவக்காரர்களும் இந்த இழையைப் படிக்கலாம் என்பதற்காகச் சொன்னேன்.

பரவுவதைப் பற்றியும் ஒன்று. எங்கள் கப்பல்களுக்கும் அதில் பங்கு உண்டு. சரக்கு இல்லாதபோது கப்பல் நிலையாக நிற்க அடியில் கடல்நீர் ஏற்றுவோம், பேலஸ்ட். ஒரு துறைமுகத்தில் ஏற்றியதை ஏழு கடல் தாண்டி இன்னொன்றில் இறக்குவோம். நச்சுப் பாசிகளில் சில, காலம் சரியில்லை என்றால் விதை மாதிரி உறங்கிக்கிடக்கும். தொட்டியின் அடிச் சேற்றில் உட்கார்ந்து டிக்கெட் இல்லாமல் பயணம். இதைத் தடுக்கத்தான் 2004இல் ஓர் உலக ஒப்பந்தம் போட்டு 2017 செப்டம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பதின்மூன்று வருடம்! முதலில் நடுக்கடலில் தண்ணீரை மாற்றச் சொன்னார்கள், இப்போது புற ஊதா விளக்கு, குளோரின் என்று சுத்திகரிப்பு மெஷினே வைத்தாக வேண்டும். அந்த மெஷின் படுத்தும் பாட்டுக்குத் தனி இழை தொடங்கலாம்.

மாட்டுங்கா_பெரியவர்
கப்பல்காரர் சொன்னதும் நினைவு வந்தது. 1793இல் கேப்டன் வான்கூவர் கனடாவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்தபோது அவருடைய ஆட்கள் காலை உணவுக்குச் சிப்பி தின்று ஒருவன் அன்றைக்கே இறந்தான். அந்த இடத்துக்கு நஞ்சுக் குடா என்றே பெயர் வைத்தார். சாக்கடையும் கிடையாது, பேலஸ்ட்டும் கிடையாது. நச்சுப் பாசி நமக்கு முன்பே கடலில் இருக்கிறது. தாராவித் தம்பி கோபித்துக்கொள்ளக்கூடாது.

தாராவி_90அடி
கோபம் இல்லை தாத்தா. பாம்பும் நமக்கு முன்பே இருந்ததுதான். அதற்குப் பால் ஊற்றி வளர்ப்பதைத்தான் கேட்கிறேன்.

சந்தேகப்பேர்வழி
பாம்பு உவமை நன்றாக இருக்கிறது, ஆதாரம் இன்னும் வரவில்லை. ஆனால் சிலிக்கா கணக்கைப் படித்தேன். ஒத்துக்கொள்கிறேன், அது வெறும் மூக்குக் கணக்கு இல்லை.

வாஷி_வாசகி
தானே கழிமுகத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றனவே, அவை தின்பதும் பாசிதானே? கழிவுநீர் சேர்ந்து பாசி கூடியதால்தான் அவை வரத் தொடங்கின என்று கேள்விப்பட்டேன். 2022இல் அந்தக் கழிமுகத்தை ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். அப்படியென்றால் பாசி நல்லதா, கெட்டதா?

வெர்சோவா_மாணவன்
பூநாரைக்கு நல்லது. இன்று வரைக்கும்.

குளச்சல்_முலுண்ட்
யாராவது இதை முன்கூட்டியே சொல்ல ஏற்பாடு உண்டா? ஊரில் புயலுக்குச் சொல்கிறார்கள், பேரலைக்குச் சொல்கிறார்கள்.

வெர்சோவா_மாணவன்
உண்டு அண்ணே. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் பாசிப்பெருக்கத் தகவல் சேவை தொடங்கியிருக்கிறது. வடகிழக்கு அரபிக்கடல், கேரளக் கரை, மன்னார் வளைகுடா, ஒடிசாவின் கோபால்பூர்க் கரை, இந்த நான்கையும் முக்கியமாகக் கவனிக்கிறார்கள். செயற்கைக்கோள் கடலின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும். மீனவர்களுக்கு, பண்ணைகளுக்கு உதவும். மேகம் மூடினால் தெரியாது, கலங்கிய கரையோரத் தண்ணீரில் தடுமாறும்.

அதைவிடப் பெரிய குறை, மேலிருந்து பார்த்தால் நஞ்சு தெரியாது. அதற்குச் சதையை எடுத்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் சாக்ஸிடாக்சின் என்பது உலக அளவில் எல்லை. கலிபோர்னியாவில் வருடந்தோறும் கோடை மாதங்களில் சிப்பி பொறுக்கவே தடை போடுகிறார்கள். 2015இல் டோமோயிக் அமிலத்தால் நண்டுப் பருவத்தையே தள்ளிப்போட்டார்கள். நம் கழிமுகத்துச் சேற்றில் காலையில் மட்டி பொறுக்கி மத்தியானம் கூறு கட்டி விற்கும் பெண்ணுக்கும், வாங்கும் அக்காவுக்கும் நடுவே எந்தச் சோதனைச் சீட்டையும் நான் பார்த்ததில்லை. என் பார்வையில், நீல வெளிச்சத்துக்கு வரும் கேமராக்களில் பத்தில் ஒரு பங்கு கவனம் அந்தக் கூறுக்கு வந்தால் போதும்.

செம்பூர்_சிஸ்டர்
தம்பி, கேட்டவருக்கு இன்னும் பதில் வரவில்லை. வாங்கலாமா, கூடாதா?

வெர்சோவா_மாணவன்
நேற்று ராத்திரி ஜுஹுவிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துவந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நாக்டிலூகாதான், சிவப்பு வகை. உள்ளே பச்சைக் குடித்தனம் இல்லை. வயிற்றில் டயாட்டம் சங்கிலி சங்கிலியாகக் கிடந்தது, நல்ல சாப்பாடு போலிருக்கிறது. நச்சு வகை எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் அது ஒரே ஒரு பாட்டில். நீங்கள் வாங்கும் மட்டி எந்தக் கழிமுகத்துச் சேற்றிலிருந்து வருகிறதோ, அந்தத் தண்ணீரும் இல்லை. என் வீடாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் மட்டியைத் தள்ளிவைப்பேன். மீன் வாங்குவேன், செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து, குடலை எடுத்துவிட்டு.

சயான்_மருமகள்
எல்லோருக்கும் நன்றி. பையன் நன்றாக இருக்கிறான், மறுபடி எப்போது போகலாம் என்று கேட்கிறான். இழையை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். இமயமலை வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைத்தானே நான் ஒரே வரியில் சொன்னேன்" என்றார். "நீங்கள் மீனும் கூடாது என்றீர்கள் அத்தை" என்றேன். அதற்குப் பதில் இல்லை, டிவி சத்தம் கூடியது.

மௌஷியிடம் இன்று திரும்பப் போனேன். திஸ்ரியா எங்கிருந்து வருகிறது என்று கேட்டதும், வசை கிழக்கே ஏதோ கழிமுகம் என்று கையைக் காட்டினார், பக்கத்துக் கூடைக்காரியோ, இல்லை, தானே கழிமுகம் என்றார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே பொம்பில் மீன் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரவை போட்டுப் பொரிக்கலாம் என்று இருக்கிறேன். அண்ணனிடம் சுக்கா இல்லை என்று இன்னும் சொல்லவில்லை.

மலாட்_மணி
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மின்னல் போய்விட்டது, கூட்டம் மட்டும் இருக்கிறது. பார்க்கிங்குக்கு நூறு ரூபாய் வாங்கிவிட்டான்.